இரண்டு வான் தீவுகளும் ஒரு சிற்றாறும்

கடலில் குப்புற மிதந்தபடி பவளப்பாறைகளைப் பார்ப்பதும், பின்னர் கரையேறி மலைக்காட்டுக்குள் நடப்பதும் வெப்பமண்டலத் தீவுகளுக்குச் செல்லும் பயணிகளின் ஒரு பகலை நிரப்பும் இரண்டு வேலைகள். அந்தமானிலும் தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் இவ்விரண்டும் ஒரே நாளில் கைகூடுவதற்குக் காரணம், அங்கே மலை கடலுக்குள்ளிருந்தே எழுவதால் காட்டின் அடிவாரமும் கடலின் விளிம்பும் நடந்து கடக்கும் தொலைவில் இருப்பதுதான். தமிழ்நாட்டில் அத்தகைய தீவு இல்லை. ஆனால் அத்தீவின் இரு பாதிகளும் தென்கோடியில் தனித்தனியே கிடக்கின்றன: தென்காசிக்கு மேற்கே குற்றால மலையில் மழைக்காடு, தூத்துக்குடிக்கு எதிரே மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை. சாலை வழியில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட இவ்விடைவெளியை, குற்றாலத்தில் பிறந்து தாமிரபரணியோடு கலக்கும் சிற்றாறு இணைக்கிறது.

குற்றால மலையையும் ஒரு தீவு என்று அழைப்பது உவமையளவில் நின்றுவிடுவதில்லை. வெயிலும் வறட்சியும் மிகுந்த சமவெளிக்கு நடுவே குளிர்ந்த, ஈரம் வற்றாத உச்சிகள் தனித்து நிற்கும்போது, அங்கே வாழப் பழகிய உயிர்களுக்குக் கீழேயுள்ள வெப்பமான நிலம் கடலைப் போலவே கடக்க முடியாத பரப்பாகிவிடுகிறது. அவ்வாறு பிரிந்து நிற்கும் உச்சிகளை உயிரியலாளர்கள் 'வான் தீவுகள்' என்று குறிப்பிடுகின்றனர். மேற்குத் தொடர்ச்சி மலை என்று பெயர் பெற்றிருந்தாலும் அம்மலை சில இடங்களில் அறுபட்டே கிடக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் அவற்றுள் பெரியது, பலரும் அறிந்தது. செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் இடையிலுள்ள கணவாய் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் அகலமே உடையதாயினும், வடக்கேயுள்ள பெரியாற்று மலைகளும் தெற்கேயுள்ள அகத்தியமலைத் தொகுதியும் தத்தமக்கென உயிர்வரலாறு கொண்டு பிரிந்துபோனதற்கு அதுவே எல்லையாக நிற்கிறது. குற்றாலம் அமைந்திருப்பது இக்கணவாயின் தென்புறத்தில்.

அகத்தியமலைத் தொகுதியின் உயரமான சோலைகளில், அதாவது மலைமடிப்புகளில் ஒதுங்கி வளரும் குட்டையான, அடர்ந்த காடுகளில், தரையை ஒட்டியே திரியும் நீலநிறச் சிறுபறவை ஒன்று உண்டு. கணவாய்க்கு வடக்கே வாழும் அதன் உறவினத்திலிருந்து அது வேறுபட்டது என்று வி. வி. ராபின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017-இல் நிறுவி, இம்மலைகளின் பழம்பெயரான அசம்பு என்பதையே அதன் அறிவியல் பெயரில் இட்டனர். பறக்கத் தெரிந்த ஒரு பறவைக்கே தாழ்ந்த நிலம் கடலாக இருந்திருக்கிறது என்றால், ஊர்வனவற்றையும் தவளைகளையும் செடிகொடிகளையும் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை யுனெஸ்கோ 2016-இல் தன் உலகப் பட்டியலில் சேர்த்தபோது, அங்குள்ள உயர்வகைத் தாவரங்கள் 2,254 என்றும், அவற்றுள் ஏறத்தாழ 400 வேறெங்கும் காணப்படாதவை என்றும் குறிப்பிட்டது. நடுக்கடல் தீவுகளுக்குரிய கணக்கு இது.

இதே கணவாய்தான் குற்றாலத்துக்குச் சாரலையும் கொண்டுவருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து கேரளத்துச் சரிவில் மோதி மேலேறுகையில் குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடுவதால், மலையைத் தாண்டி இறங்கும் காற்று பெரும்பாலும் உலர்ந்தே தமிழ்நாட்டை அடைகிறது. மழைமறைவுப் பகுதி என்று புவியியல் நூல்கள் சொல்வது இதைத்தான். செங்கோட்டைக் கணவாயில் மலைமுகடு தாழ்ந்திருப்பதால், மேகம் முழுவதும் வடிந்துவிடுவதற்கு முன்னரே ஒரு பகுதி இப்பக்கம் வழிந்துவிட, அதன் நுண்துளிகள் காற்றில் சாய்வாக மிதந்து வந்து முகத்தில் படுகின்றன. மழை என்று குடை விரிக்கவும் முடியாமல், மழை இல்லை என்று சொல்லவும் முடியாமல் பெய்யும் இதற்குச் சாரல் என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் ஆளைத் தள்ளுவதுபோல் வீசும் காற்றும், சுரண்டை, ஆலங்குளம் வட்டாரங்களில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றும் இக்கணவாய் வழியே புகுந்த ஒரே காற்றுதான். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை நீடிக்கும் இப்பருவத்தை உள்ளூர்க்காரர்கள் 'சீசன்' என்ற ஒரே சொல்லால் சுட்டுகின்றனர். எந்தச் சீசன் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

மலையிலிருந்து விழும் நீரை 'நீர்வீழ்ச்சி' என்று வழிகாட்டிப் பலகைகளும் பாடநூல்களும் எழுதினாலும், அது ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் போட்டு ஒட்டிய ஆக்கம்; குற்றாலத்தில் இருப்பவை எல்லாம் அருவிகளே, ஊராரும் அவ்வாறே சொல்கின்றனர். அவற்றுள் பேரருவியின் அமைப்பு தனித்துப் பார்க்கத் தக்கது. ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர் நேராகத் தரைக்கு வந்தால் அதன் கீழே எவரும் நிற்க இயலாது. ஆனால் பாறையின் இடையில் நீரே ஊழிக்கணக்காகக் குடைந்த ஆழமான பள்ளம் ஒன்று இருக்கிறது. மேலிருந்து வரும் நீர் தன் வேகத்தையெல்லாம் அதில் கொட்டி, கொதிப்பதுபோல் பொங்கி, பின்னர் விளிம்பு வழியாக அகன்ற திரையாக வழிந்து இறங்குகிறது. இப்பள்ளத்துக்குப் பொங்குமாங்கடல் என்று பெயர். கடலே இல்லாத ஊரில், மலையின் நடுவே, கடலின் பெயரைத் தாங்கிய இக்குழிதான் குழந்தைகளும் முதியவர்களும் பேரருவியில் தலை கொடுத்து நிற்பதைச் சாத்தியமாக்கியிருக்கிறது. நீர் குறைந்த நாட்களில், அருவி விழும் பாறையில் அடியார்கள் செதுக்கி வைத்த சிறு சிவலிங்கங்கள் வெளிப்படும்.

அடிவாரத்தில் குளிக்கும் இடத்தை ஒட்டி அமைக்கப்பட்ட பாதுகாப்பு வளைவை உள்ளூர்ப் பேச்சில் 'ஆர்ச்' என்பர். அருவியில் எவ்வளவு நீர் விழுகிறது என்பதை அளக்க அங்கே வேறு அளவுகோல் வழக்கில் இல்லை. 'ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது' என்று செய்தி வந்தால் காவல்துறை குளிக்கத் தடை விதித்துவிட்டது என்று பொருள். பேரருவியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஐந்தருவியில் ஒரே ஓடை பாறைமுனைகளில் பிரிந்து ஐந்து கிளைகளாக விழுகிறது. சிற்றருவி, புலியருவி, பழைய குற்றால அருவி, பழத்தோட்ட அருவி ஆகியவை ஒவ்வொன்றும் கூட்டத்திலும் வேகத்திலும் வேறுபட்டவை என்பதைத் தவிர இங்கே விரித்துரைக்க வேண்டியவை அல்ல.

மூலிகைகளைத் தழுவி வரும் நீர் என்பதால் நோய் தீரும் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. மலைமேல் மூலிகைகள் இருப்பது உண்மை. ஆனால் விரைந்து ஓடும் ஓடை நீரில் அவற்றின் சாரம் மருந்தாகும் அளவுக்குக் கலக்கிறது என்பதற்குச் சான்று எதுவும் காட்டப்படவில்லை. தோள்களைத் தட்டிக் கொடுக்கும் குளிர்ந்த நீரும், செவியை அடைக்கும் ஓசையும், குளித்து முடித்ததும் எடுக்கும் பசியும் போதாவோ, அதற்கு மருத்துவப் பட்டமும் சூட்ட வேண்டுமோ என்று கேட்கத் தோன்றுகிறது. அருகிலுள்ள பிரானூர் பார்டரில் பரோட்டாக் கடைகள் செழித்திருப்பதே இந்நீரின் ஆற்றலுக்கு நம்பத் தகுந்த சான்று. மாறாக, மனிதர் இந்நீரில் கலப்பவை ஐயத்துக்கு இடமின்றித் தெரிகின்றன. எண்ணெயும் சோப்பும் ஷாம்புவும் அருவிகளில் பயன்படுத்தப்படுவதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. ஓடைகளை மறித்துத் திருப்பித் தம் வளாகத்துக்குள் செயற்கை அருவி அமைத்துக்கொண்ட தனியார் விடுதிகள்மீது நடவடிக்கை எடுக்கவும் அதே நீதிமன்றம் 2022-இல் உத்தரவிட்டது. அருவியையே வீட்டுக்குள் திருப்பிக்கொள்ளும் துணிவு எங்கிருந்து வந்தது என்பது வியப்புக்குரியது.

குற்றாலத்தைப் பார்த்து எழுதியவர்களும் வரைந்தவர்களும் பலர். திருக்குற்றாலநாதர் கோயிலின் சித்திரசபை, நடராசரின் ஐந்து சபைகளுள் ஓவியங்களால் ஆனது. திரிகூடராசப்பக் கவிராயரின் 'குற்றாலக் குறவஞ்சி' 18ஆம் நூற்றாண்டில் இம்மலையின் மரங்களையும் விலங்குகளையும் குறத்தியின் வாய்மொழியாக நாட்டுவளம் சொல்லும் பகுதியில் பதிவு செய்தது. இருபதாம் நூற்றாண்டில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் இங்கே குடியிருந்து இலக்கிய அன்பர்களை வரவேற்றார். இலக்கியம் பெற்ற புகழில் மறைந்துபோன மற்றொரு வரிசையும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனியார், தொலைகிழக்குத் தீவுகளின் ஜாதிக்காயையும் கிராம்பையும் இலங்கையின் இலவங்கப்பட்டையையும் பயிரிட்டுப் பார்க்க இந்தியாவில் தேர்ந்த இடங்களுள் குற்றாலமும் ஒன்று. தீவுப் பயிர்கள் இம்மலையடியில் வேரூன்றின என்பது, தட்பவெப்பத்தால் இது எந்த உலகத்தைச் சேர்ந்த இடம் என்பதற்கு அன்றே கிடைத்த விடை. சீசனில் அருவிக்கரைக் கடைகளில் குவியும் மங்குஸ்தானும் ரம்புத்தானும் துரியனும் அவ்வுலகத்துப் பழங்களே. 1830-களில் பாளையங்கோட்டையில் பணியாற்றிய கம்பெனி மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட் குற்றால மலையில் திரிந்து செடிகளைச் சேகரித்தார். அவருக்காகத் தாவரங்களை வரைந்த ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்களின் படங்கள் அவருடைய நூல்களில் அச்சேறின. நாவல் மரத்துக்கு உறவான, அழிவின் விளிம்பில் நிற்கும் ஒரு மரம் 'சிசிஜியம் கோர்ட்டலென்சி' என்று குற்றாலத்தின் பெயரையே தன் அறிவியல் பெயராகக் கொண்டிருக்கிறது. குற்றாலத்துக்கு ஆண்டுதோறும் வருபவர்களில் அம்மரத்தின் பெயரைக் கேட்டவர் அரிது.

அம்மரம் இருக்கும் உலகுக்குப் படிகள் பேரருவிக்கு அருகிலிருந்தே தொடங்குகின்றன. சிற்றருவியைக் கடந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் மேலேறினால் செண்பகாதேவி அருவியும், அதன் கரையில் செண்பகாதேவி அம்மன் கோயிலும் வரும். அதற்கும் மேலே தேனருவி, பாறையில் மலைத்தேனீக்கள் கட்டும் பெருங்கூடுகளால் பெயர் பெற்றது. தேனருவிக்குப் பொதுமக்கள் செல்ல அனுமதி இல்லை. செண்பகாதேவிக்குச் சித்திரைப் பௌர்ணமி போன்ற நாட்களில் பக்தர்கள் திரள்வது பழைய வழக்கம். ஏனைய நாட்களில் இது வனத்துறையின் கட்டுப்பாட்டிலுள்ள காடு. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றோரில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்ததற்குப் பிறகு, மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகளை அரசு வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 காட்டுத்தடங்கள் முன்பதிவுக்குத் திறக்கப்பட, செண்பகாதேவித் தடமும் அவற்றுள் இடம்பெற்றது. பயிற்சி பெற்ற வழிகாட்டி உடன்வர, சிறு குழுவாக, காட்டுத்தீக் காலம் தவிர்த்த மாதங்களில் மட்டுமே செல்ல முடியும் என்ற இவ்வொழுங்கு சிலருக்குக் கெடுபிடியாகத் தோன்றலாம். அடிவாரத்தில் சீசன் நாளொன்றில் கிடக்கும் நெகிழிக் குப்பையைப் பார்த்தவர்களுக்கு அவ்வாறு தோன்றாது.

மூன்று கிலோமீட்டர் என்பது சமவெளியில் முக்கால் மணி நேர நடை. இங்கே அது வெவ்வேறு காடுகளின் ஊடான பயணம். அடிவாரத்தில் முள்மரங்களும் கோடையில் இலையுதிர்க்கும் மரங்களும் கலந்து நிற்க, ஏற ஏற, குறிப்பாக ஓடைக்கரைகளில், ஆண்டு முழுவதும் இலை மாறாத மரங்கள் தொடங்குகின்றன. வெயில் துளித்துளியாகவே தரைக்கு வருகிறது. அடிமரத்தை இறுக்கி ஏறும் கொடிகளும் பிரம்புப் புதர்களும் பாசி படர்ந்த பாறைகளும் சூழ, காற்றின் ஈரம் தோலில் தெரிகிறது. இத்தகைய பசுமைமாறாக் காட்டின் அடையாள மரமாகக் கருதப்படுவது வெடிப்பலா. முள் நிறைந்த அதன் காய், அடிவாரக் கடையில் விற்கும் துரியனின் நெருங்கிய காட்டு உறவு. அகத்தியமலைத் தொகுதியின் உட்காடுகளில் வாழும் சிங்கவால் குரங்குகளுக்கு அதன் பூவும் காயும் முக்கிய உணவு. கருமந்தி, மலையணில், இருவாச்சி, மிளா, யானை என்று இம்மலைக்குரிய விலங்குகளின் வரிசை நீளும். எனினும் ஒரு பகல் நடையில் அவற்றுள் எதுவும் கண்ணில் படும் என்று எவரும் உறுதி கூற முடியாது. மரத்துக்கு மரம் தாவும் கிளைச்சத்தமும், தரையில் கிடக்கும் பாதி தின்ற காயும்தான் பெரும்பாலும் கிடைக்கும். நாட்டுக்குரங்கு மட்டும் கேட்காமலே வந்து கைப்பையைச் சோதிக்கும். தவறாமல் சந்திக்கும் மற்றோர் உயிர் அட்டை. கடித்த இடத்தில் பெரும்பாலும் வலி தெரியாது. இரத்தம் உறையாமலிருக்கச் செய்யும் பொருளை உமிழ்ந்துவிட்டு அது உறிஞ்சுவதால், அட்டை விழுந்த பின்னும் இரத்தம் சற்று நேரம் கசியும். பிடுங்கி எறிய வேண்டியதில்லை; உப்பைத் தொட்டு வைத்தால் தானே விழுந்துவிடும்.

இனி நீருக்குள் பார்ப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடல்தீவுகளில் 'ஸ்நார்க்கெலிங்' எனப்படுவது, கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி முகமூடியும், வாயில் கவ்வும் மூச்சுக்குழாயும் அணிந்து நீர்மட்டத்தில் குப்புற மிதப்பது. நீரில் கண்ணை நேராகத் திறந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம், மனிதக் கண் காற்றிலிருந்து வரும் ஒளியைக் குவிக்கும்படி அமைந்திருப்பது. முகமூடி கண்ணுக்கு முன்னே ஒரு சிறு காற்றறையை அமைத்துக் கொடுப்பதால் பார்வை தெளிகிறது, ஆனால் ஒளி நீரிலிருந்து காற்றுக்குள் வளைந்து வருவதால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றுகின்றன. கரைக்குத் திரும்பியவர்கள் தாம் கண்ட மீனின் அளவைக் கைவிரித்துக் காட்டும்போது இதை மனத்தில் கொள்வது நல்லது. மூச்சுக்குழாய் ஒரு முழத்துக்கும் குறைவாகவே செய்யப்படுவதற்கும் காரணம் உண்டு. குழாயை நீட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போனால் மார்பின்மீது நீர் அழுத்தும் அழுத்தத்தை மீறி நெஞ்சு விரிந்து காற்றை இழுக்க முடியாது.

குற்றாலத்து அருவிக்கடியில் முகமூடி அணிந்து பயனில்லை, சீசனில் அங்கே வெண்ணுரையைத் தவிர எதுவும் தெரியாது. ஆனால் அருவிகளுக்கு மேலேயுள்ள மலை ஓடைகளின் நீருக்குள் இருப்பது பவளப்பாறைக்குக் குறையாத வியப்பு. வேகமாக ஓடும் நீரில் அடித்துச் செல்லப்படாமலிருக்க, வாயின் அடியில் ஒட்டும் தட்டு வளர்த்துக்கொண்டு கல்லைப் பற்றி, அதன்மேல் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும் மீன்கள் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் உண்டு; மணலில் புதையும் அயிரைகள் உண்டு; மணலையும் இலைத்துணுக்குகளையும் பட்டால் ஒட்டிக் குழலாக்கி அதற்குள் குடியிருக்கும் பூச்சிப்புழுக்கள் உண்டு. ஓடையின் இரைச்சலில் ஆண் தவளையின் குரல் அமுங்கிவிடுகிறது என்பதால், பின்னங்காலை நீட்டி விரல்சவ்வைக் கொடிபோல் விரித்துக் காட்டி அழைக்கும் தவளைகள் இம்மலைத்தொடருக்கே உரியவை. தவளை ஆய்வாளர் எஸ். டி. பிஜுவின் குழு 2014-இல் அவற்றுள் 14 புதிய இனங்களை ஒரே ஆய்வில் விவரித்தது. சத்தம் மிகுந்த இடத்தில் சைகை பேசும் வழக்கம் அருவிக்கரைக்கு வரும் குடும்பங்களுக்கும் தெரிந்ததே.

ஓடையின் குணத்தை அறியாமல் அதன் அருகில் செல்வது எத்தகைய அபாயம் என்பதை 2024 மே 17 காட்டியது. அன்று பழைய குற்றால அருவியில், கீழே பெருமழை என்று சொல்லும்படி எதுவும் இல்லாத நேரத்தில், மலைமேல் பெய்த மழையின் வெள்ளம் சில நிமிடங்களில் பாய்ந்து வந்து, குளித்துக்கொண்டிருந்தவர்களில் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. நீர்பிடிப்புப் பகுதி, அதாவது ஓர் ஓடைக்கு நீர் வடியும் மேட்டுநிலம், இங்கே சிறியது, செங்குத்தானது. ஆகவே மேலே பெய்த மழை பரந்து தேங்காமல் நேரே இறங்கிவிடுகிறது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கி, சருகும் குச்சிகளும் மிதந்து வருவது முன்னறிவிப்பு. அதைக் கண்டபின் துண்டை எடுக்கக்கூட நில்லாமல் மேடேறுவதே முறை.

அருவிகளில் விழுந்த நீர் சிற்றாறாகிக் குற்றாலத்தையும் தென்காசியையும் கடந்து கிழக்கே செல்கிறது. ஐந்தருவி ஆறு, அரிகர நதி, குண்டாறு, அனுமன் நதி எனக் கிளைகள் வந்து சேர, வழியெங்கும் அணைக்கட்டுகளும் குளங்களும் அந்நீரைப் பங்கிட்டுக்கொள்ள, எஞ்சியது சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. 'முக்கூடற்பள்ளு' என்னும் சிற்றிலக்கியத்தின் களமான முக்கூடல் அந்த இடமே. அங்கிருந்து ஶ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி, பாண்டியரின் முத்துத் துறையாக விளங்கிப் பின்னர் கடல் விலகி உள்நாட்டு ஊராகிவிட்ட கொற்கைக்கு அருகாகச் சென்று, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. மலைச்சாரல் கடலாக மாற எடுத்துக்கொள்ளும் தொலைவு, இந்தியப் பேராறுகளோடு ஒப்பிட்டால், மிகக் குறுகியது.

தமிழகக் கடலோரத்தில் மீனவர்கள் கடலடிப் பாறைத்திட்டைப் 'பார்' என்பர். முத்துப்பார், பவளப்பார் என்ற சொற்கள் அதிலிருந்து வந்தவை. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாக அமைந்த 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பார்களையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளம் என்பது செடியோ கல்லோ அன்று; நெல்மணியளவும் இல்லாத எண்ணற்ற உயிரிகள் கூடி வாழ்ந்து, தம் உடலுக்கடியில் சுண்ணாம்பைச் சுரந்து அடுக்கிய கட்டுமானம் அது. அவ்வுயிரிகளின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி சூரிய ஒளியில் உணவு சமைத்துக் கொடுக்கிறது, நிறமும் அதனுடையதே. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அப்பாசியை வெளியேற்றி வெளிறிவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பெரிய அளவில் இவ்வெளிறல் நேர்ந்தது. ஒளியை நம்பிய வாழ்வாதலால் பவளத்துக்குச் சேறு பகை, உப்புக் குறைந்த ஆற்றுநீரும் ஆகாது. எனவே ஆற்றின் வாய்க்கருகே பார் வளர்வதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி கரைபுரண்டதைப் போன்ற நாட்களில் ஆறு கடலுக்குள் சுமந்து செல்லும் மண்ணின் அளவு, மேலே மலையில் வேர்கள் எவ்வளவு மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன என்பதையும் பொறுத்தது. செண்பகாதேவிக் காட்டுக்கும் தூத்துக்குடிப் பாருக்கும் இடையேயுள்ள உறவு, ஒன்று மற்றதற்கு நீர் கொடுப்பது என்பதைவிட, மண்ணை அனுப்பாமல் இருப்பது என்றே சொல்லத் தகும்.

இக்கடலில் மூச்சடக்கி மூழ்கிய முதல் மனிதர் சுற்றுலாப் பயணி அல்லர். இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாக இறங்கி முத்துச்சிப்பி அள்ளியவர்களின் தொழில் தூத்துக்குடியில் 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்போடு நின்றுவிட்டது. சங்கு குளிப்போர் இன்றும் உள்ளனர். இராமநாதபுரம் கடலோரத்தில் பாசி எடுக்கும் பெண்கள், கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, ரப்பர் செருப்போடு பாறைகளுக்கிடையே மூழ்கி எழுகின்றனர். வாடகைக்கு எடுத்த முகமூடியோடு மிதப்பவர் பொழுதுபோக்காகச் செய்வதை அவர்கள் கூலிக்காக நாள் முழுவதும் செய்கின்றனர். பார்களுக்கு நேர்ந்த பெருங்கேடு இவர்களால் வந்ததன்று. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து வண்டி வண்டியாக ஏற்றியதால் அலையைத் தடுக்கும் அரண் போய், பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. பவளம் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பின்னரே அவ்வகழ்வு அடங்கியது.

குற்றாலத்தில் காலையில் காடு ஏறி, மாலையில் தூத்துக்குடியில் பார்மேல் மிதக்கலாம் என்று எண்ணுபவர்களுக்குத் தொலைவு தடையன்று, காற்றே தடை. ஜூன், ஜூலையில் செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரலைக் கொண்டுவரும் அதே பருவத்தின் காற்று, கடலோரத்தார் கச்சான் என்று பெயரிட்ட காற்று, மன்னார் வளைகுடாவைக் கொந்தளிக்கச் செய்து அடிமண்ணைக் கிளறி நீரைக் கலக்கிவிடுகிறது. அருவி நிறைந்திருக்கும்போது கடலடி தெரியாது. தை, மாசியில் கடல் தெளியும்போது பேரருவியில் நூலளவு நீர் வடியும். மலையும் கடலும் ஒரே காற்றை இரு வேறு விதமாக வாங்கிக்கொள்வதால், அந்தமானில் ஒரு பகலில் முடியும் பயணத்துக்கு இங்கே அரையாண்டு இடைவெளி விட்டு இரண்டு முறை புறப்பட வேண்டியிருக்கிறது. அவ்வாறு புறப்படுபவர்கள் காட்டுக்கு வனத்துறையின் தடத்தையும், கடலுக்கு அத்துறை அனுமதித்த படகுகளையும் மட்டுமே நாட வேண்டும். உள்ளூரில் குறுக்குவழி சொல்பவர்கள் இரண்டு இடங்களிலும் கிடைப்பார்கள்.

தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள தீவுகளுள் ஒன்றின் பெயர் வான் தீவு. உயிரியலாளர்கள் மலையுச்சிகளுக்கு இட்ட பெயர், அவர்களை அறியாமலே, சிற்றாற்று நீர் சென்று சேரும் கடலில் ஒரு மணல்திட்டுக்கு முன்பே வழங்கி வந்திருக்கிறது. பார் பெயர்க்கப்பட்டதால் அலையரிப்பில் அத்தீவு ஆண்டுதோறும் சுருங்கி, முழுவதும் மறைந்துவிடும் நிலைக்கு வந்தபோது, 2015-க்குப் பின் அதன் முகப்பில் கான்கிரீட்டால் செய்த செயற்கைப் பார்கள் வரிசையாக இறக்கப்பட்டன. அலையின் வேகம் குறைந்து, அரிப்பு தணிந்து, அந்தக் கான்கிரீட்டின்மேல் பவளம் வளரத் தொடங்கியுள்ளது. வான் தீவு இன்னும் நீருக்கு மேலே இருக்கிறது. அதில் இறங்குவதற்குப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.